பதினான்காம் எண் வீட்டின் சிவப்புப் பொத்தான்கள்

ஜூன் 3

எண் 14-இல் வசிப்பவருக்கு,

வணக்கம். தங்கள் சந்தின் கடைசியில், பழைய தண்ணீர்த் தொட்டியை இடித்த காலியிடத்தைக் குழந்தைகள் விளையாடும் திறந்தவெளியாக மாற்ற நகர நிர்வாகம் உத்தேசித்துள்ளது. இதற்குச் சந்திலுள்ள பதினான்கு வீடுகளின் எழுத்துப்பூர்வமான சம்மதமும் தேவை. பதின்மூன்று வீடுகள் கையெழுத்திட்டுவிட்டன. ஜூன் 30-க்குள் தங்கள் கையெழுத்து கிடைக்காவிட்டால் அந்த இடம் வாகன நிறுத்தத்துக்கு ஒதுக்கப்படும். இணைத்துள்ள படிவத்தைப் பூர்த்தி செய்து அனுப்பக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வடிவமைப்பாளர், பொது இடங்கள் பிரிவு

அண்ணி, மேலே இருப்பது அலுவலகம் அனுப்பச் சொன்ன கடிதம். இந்த நாலு வரிதான் என்னுடையது. கூட்டம் முடிந்து பத்து நாளாகிறது. பதினேழு முறை கூப்பிட்டுவிட்டேன். போனை எடுங்களேன். — பென்சில்


ஜூன் 5

மதிப்பிற்குரிய வடிவமைப்பாளர் அம்மையார் அவர்களுக்கு,

எண் 14-இல் வசிப்பவள் எழுதிக்கொள்வது. இருபத்தைந்து வருடமாகத் தங்களுக்கு அண்ணியாக இருப்பவளும், தாங்கள் கல்லூரிக்குப் போன முதல் நாள் அணிந்திருந்த சட்டையைத் தைத்தவளும், எந்நேரமும் கொண்டையில் பென்சில் செருகியிருந்த தங்களுக்கு அந்தப் பட்டப்பெயரைச் சூட்டியவளும் இவளேதான். நிர்வாகத்தின் பதிவேட்டில் இதெல்லாம் இருக்காது.

படிவத்தில் கையெழுத்திட விருப்பமில்லை. காரணம் எழுத ஒரு கட்டம் விட்டிருக்கிறீர்கள், அதில் என் தையல் ஊசிகூடப் படுக்காது. ஆகவே தனித்தாளில் எழுதுகிறேன்.

மே மாதம் தாங்கள் வந்து, "அண்ணி, பொத்தான் இருக்கா? பிள்ளைங்ககிட்ட குடுத்து ஒரு விளையாட்டு மாதிரி கருத்து கேக்கணும்" என்றீர்கள். முப்பத்துநான்கு பிள்ளைகள், ஆளுக்கு மூன்று பச்சை, மூன்று சிவப்பு. உட்கார்ந்து எண்ணிக் கொடுத்தேன். சந்தின் படத்தைத் துணியில் வரைந்து தரையில் விரிக்க வேண்டும் என்றதும், படுக்கை விரிப்பு ஒன்றை ஓரமடித்துத் தைத்தும் கொடுத்தேன். பிடித்த இடத்தில் பச்சை, பயமான இடத்தில் சிவப்பு. நல்ல யோசனை என்று மெச்சினேன்கூட.

அப்புறம் கூட்டம். அந்தத் துணியைச் சுவரில் தொங்கவிட்டு, "குழந்தைகள் அதிகம் பயப்படும் இடம்: எண் 14-இன் வாசல், முப்பத்தொரு சிவப்பு" என்று வாசித்தாய். நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். ஐந்தாம் வீட்டு வங்கிக்காரர் எழுந்து, "லாரி திரும்புற முனைக்கே பன்னெண்டுதான்! நம்ம தையல்காரம்மா லாரியையே முந்திட்டாங்க!" என்றார். கூடம் முழுக்கச் சிரித்தது. நீயும் சிரித்தாய்.

என் விரலை எடுத்தே என் கண்ணைக் குத்திவிட்டாய்.

பொத்தான் டப்பாவைத் திருப்பி அனுப்பவும். பச்சை நூற்றிரண்டு, சிவப்பு நூற்றிரண்டு. ஒன்று குறைந்தாலும் தெரியும். அது வரை இந்த வாசலை மிதிக்க வேண்டாம். அதற்கப்புறமும் வேண்டாம்.

எண் 14


ஜூன் 8

அன்புள்ள அண்ணிக்கு,

இந்தக் கடிதத்தை அண்ணனிடம் கொடுத்தனுப்புகிறேன். என் அலுவலகம் இருக்கும் தெருவில்தான் அவருக்கும் வேலை என்பது இத்தனை வருடத்தில் இப்போதுதான் உபயோகப்படுகிறது. "ரெண்டு பக்கமும் அடி வாங்குற மத்தளம் நான். இதுல தபால்காரன் வேலை வேறயா?" என்று அலுத்துக்கொண்டார். ஆனாலும் பையில் வைத்துக்கொண்டார்.

பொத்தான் டப்பா இத்துடன் வருகிறது. எண்ணிவிட்டேன், சரியாக இருக்கிறது.

அண்ணி, நான் சிரித்தது தப்பு. ஆனால் நீங்கள் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். அந்தத் துணியில் மனிதர்கள் இல்லை, இடங்கள்தான். அதனால்தான் யார் பெயரும் போடாமல் எண்ணை மட்டும் போட்டேன். எண் போட்டால் யாரையும் குத்தாது என்று நினைத்தேன். எங்கே பயப்படுகிறார்கள் என்று பிள்ளைகளையே கேட்காமல், பெரியவர்களாகப் பார்த்து நாலு ஊஞ்சலை நட்டுவிட்டுப் போன மைதானங்கள் எத்தனை காலியாகக் கிடக்கின்றன தெரியுமா? நான் கேட்டேன். வந்த பதிலை மறைக்க முடியுமா?

நீங்கள் ஜன்னலைத் திறந்து அவர்களைப் பார்த்துக் கத்துவது உண்மைதானே?

அதற்கும் வழி செய்திருக்கிறேன். புதிய வரைபடத்தில் உங்கள் கேட்டுக்கு எதிரே ஆள் உயரத்துக்குச் செடி வேலி வருகிறது. பிள்ளைகள் உங்கள் பக்கமே வர மாட்டார்கள். உங்களுக்கும் தொந்தரவு இல்லை, அவர்களுக்கும் பயமில்லை. அவர்களுக்காகவாவது கையெழுத்துப் போடுங்கள்.

பென்சில்


ஜூன் 10

பென்சிலுக்கு,

உண்மைதான். கத்துவேன்.

தினமும் நாலு மணிக்குப் பள்ளிக்கூடம் விட்டு வருவார்கள். நான் ஜன்னலைச் சாத்திவிட்டு மிஷினில் உட்கார்ந்திருப்பேன். முதலில் செருப்புச் சத்தம் நிற்கும். பிறகு ஒருத்தன் இன்னொருத்தியைப் பிடித்துத் தள்ளுவது கேட்கும். அப்புறம் கேட்டில் டணார் என்று ஒரு தட்டு. நான் மிஷினை நிறுத்துவேன். மூன்று எண்ணுவேன். எண்ணாமல் திறந்தால் அத்தனை பேரும் மாட்டிக்கொள்வார்கள் அல்லவா? மூன்று எண்ணியபின் ஜன்னலைப் படாரென்று திறந்து, "எவன்டா அது என் கேட்டைத் தொட்டது? கத்தரிக்கோலை எடுத்தேன்னா காது நறுக்கிடுவேன்!" என்பேன். யாரும் இருக்க மாட்டார்கள். போன மாதக் கடைசியில் தொட்டியை இடிக்கும்வரை அதன் பின்னாலிருந்து கிளுகிளு என்று சிரிப்பு மட்டும் வரும். ஜன்னலைச் சாத்திவிட்டு நானும் சிரித்துக்கொள்வேன். அதற்கப்புறம் ஒரு மணி நேரம் தையல் நேராக ஓடும்.

நாங்கள் சேர்ந்து விளையாடுகிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், பென்சில். ஐம்பதைத் தொடப்போகிறவளுக்கு இப்படி ஒரு நினைப்பு. முப்பத்தொரு பேர் வரிசையில் நின்று, இல்லை, நீ மட்டும்தான் விளையாடினாய், நாங்கள் பயந்தோம் என்று சொல்லிவிட்டார்கள். வங்கிக்காரர் சிரித்ததையோ நீ சிரித்ததையோ நான் மறந்துவிடுவேன். இதைத்தான் மறக்க முடியவில்லை.

கூட்டத்துக்கு அப்புறம் ஜன்னலைத் திறக்கவே இல்லை. இரண்டு மூன்று நாள் கேட்டில் சத்தம் கேட்டது. பிறகு நின்றுவிட்டது.

செடி வேலி எனக்கு வேண்டாம். கார்கள் வந்து நிற்கட்டும். அவற்றுக்காவது என்னைக் கண்டு பயமிருக்காது.

அண்ணி


ஜூன் 15

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை அலுவலகத்தில் வைத்துப் படித்திருக்கக் கூடாது. பக்கத்து மேஜைக்காரர், "யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்று கேட்டுவிட்டார்.

நேற்று சந்துக்கு வந்தேன். பயப்படாதீர்கள், உங்கள் வாசலை மிதிக்கவில்லை. பதின்மூன்றாம் எண்ணோடு நின்றுகொண்டேன். உங்கள் ஜன்னல் சாத்தியிருந்தது. மிஷின் ஓடிக்கொண்டிருந்தது.

பிள்ளைகள் தொட்டி இருந்த இடத்தில் செங்கல் துண்டுகள் மேல் உட்கார்ந்திருந்தார்கள். விளையாடவில்லை. இரண்டு பேரை உங்களுக்கு அடையாளம் தெரியும். ஒன்று, முன்பல் இரண்டும் விழுந்த ஏழு வயதுக்காரி, 'ஓட்டைப்பல்'. இன்னொன்று அவளுடைய அண்ணன், எல்லாரையும் அதட்டுகிற 'கேப்டன்'. நான் கேட்டதையும் அவர்கள் சொன்னதையும் அப்படியே எழுதுகிறேன், ஒரு வார்த்தை கூட்டவில்லை.

"பதினாலாம் நம்பர் வீட்டுக்கு எதுக்குச் சிவப்பு வெச்சீங்க?"

"பயமா இருக்கும்ல, அதான்," என்றான் கேப்டன்.

"அப்ப அந்தப் பக்கம் போகாம இருக்கலாமே?"

ஓட்டைப்பல் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். படித்தவள் என்று சொன்னார்களே என்பது போல ஒரு பார்வை. "போகாம எப்படி விளையாடுறது?"

"என்ன விளையாட்டு?"

"புலி கேட்டு. கேட்டைத் தொட்டுட்டு, புலி பாக்கறதுக்குள்ள ஒளிஞ்சிரணும். எங்க சந்துலதான் இருக்கு. பக்கத்துச் சந்துப் பசங்ககூட வருவாங்க. அவங்களுக்குப் புலி இல்ல."

"அவ்ளோ பிடிச்ச விளையாட்டுன்னா பச்சை வெச்சிருக்கலாம்ல?"

"பச்சை மட்டும் வெச்சா பொய்யாயிடுமே. பயமாவும் இருக்கே," என்றாள். பிறகு இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "நான் அன்னிக்கே ரெண்டும் வைக்கட்டுமான்னு கேட்டேன். நீங்கதான், ஒரு இடத்துக்கு ஒரு பொத்தான்தான்னு சொன்னீங்க" என்றாள்.

கேட்டிருக்கிறாள், அண்ணி. எனக்கு இப்போது நினைவு வருகிறது. துணியின் ஓரத்தில், இரண்டு கையிலும் ஒவ்வொரு பொத்தானை வைத்துக்கொண்டு ஒரு சின்னப் பெண் கேட்டாள். எண்ணுவதற்குச் சிரமமாகிவிடும் என்று, அவள் முகத்தைக்கூடப் பார்க்காமல் முடியாது என்றேன். பிள்ளைகளைக் கேட்டேன் என்று உங்களிடம் மார்தட்டினேனே, அந்தப் பெருமையெல்லாம் அந்த இடத்தில் வழிந்து போயிற்று. பிடிப்பதும் பயப்படுவதும் வேறு வேறு இடத்தில்தான் இருக்கும் என்று நானாகவே முடிவு செய்து விதி போட்டுவிட்டு, விளையாட்டின் நடுவில் வேலி நடப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று. நான் கிளம்பும்போது ஓட்டைப்பல் பின்னாலேயே ஓடி வந்தாள்.

"புலிக்கு உடம்பு சரியில்லையா?"

"ஏன் கேக்கற?"

"கேட்டைத் தட்டித் தட்டிப் பாத்தோம். எண்ணவே இல்ல."

"என்ன எண்ணல?"

"ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு எண்ணுவாங்க. எங்களுக்குக் கேக்கும். ரெண்டு வந்ததும் குனிஞ்சிரணும்."

நீங்கள் எண்ணுவதை நான் அவர்களிடம் சொல்லவில்லை. சத்தியமாகச் சொல்லவில்லை.

செடி வேலியை அழித்துவிட்டேன். அந்த இடத்தில் என்ன வர வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. கையெழுத்தைப் பற்றி இந்தக் கடிதத்தில் கேட்கப் போவதில்லை.

பென்சில்


ஜூன் 19

அடி பென்சில்,

சத்தமாகவா எண்ணியிருக்கிறேன்? உன் அண்ணனைக் கேட்டேன். "இதென்ன புதுசா? பக்கத்து வீட்டுக்கே கேக்கும். நான் சாயங்காலம் வீட்ல இருக்கிற அன்னிக்கெல்லாம் உன்கூடச் சேர்ந்து நானும் எண்ணுவேன்" என்கிறார். இருபத்தைந்து வருடம் ஒரே கூரைக்கடியில் இருந்துவிட்டு, இதைச் சொல்ல இன்றைக்குத்தான் வாய் வந்திருக்கிறது.

உன் கடிதத்தை நான் உடனே நம்பவில்லை. என்னைச் சமாதானப்படுத்த நீயே கட்டிய கதையோ என்று நினைத்தேன். அதனால் நேற்று நாலு மணிக்கு மிஷினை நிறுத்திவிட்டு, ஜன்னலைத் திறக்காமல், "ஒண்ணு" என்றேன். உரக்க.

வெளியே பேச்சு நின்றது. செங்கல் உருண்டது. பிறகு செருப்புகள் ஓடி வந்தன, பத்து, பதினைந்து ஜோடி இருக்கும். கேட்டில் டணார்! கையில் பிடித்திருந்த துணி நழுவிக் கீழே விழுந்தது. அதை எடுக்கக்கூட இல்லை. மறுபடி முதலிலிருந்து மூன்று எண்ணி ஜன்னலைத் திறந்தால், பார், அத்தனை பேரும் நட்டநடுச் சந்தில் நிற்கிறார்கள்! தொட்டிதான் போய்விட்டதே, எங்கே ஒளிவார்கள்? கேப்டன் அவன் சட்டையைத் தூக்கித் தலையை மூடிக்கொண்டு நிற்கிறான், அவனைத் தெரியவில்லையாம். நான் கத்தரிக்கோலைத் தூக்கிக்கொண்டு திட்டவும் முடியாமல், சிரிப்பை அடக்கவும் முடியாமல் நின்றேன்.

அந்த ஓட்டைப்பல் குட்டிதான் சமாளித்தாள். "நீங்க கண்ணை மூடிக்குங்க, நாங்க போயிடறோம்" என்றாள். மூடிக்கொண்டேன்.

படிவம் இத்துடன் வருகிறது. கையெழுத்துப் போட்டிருக்கிறேன். உன்னைத் திட்டியது எதையும் வாபஸ் வாங்கவில்லை, சிரித்தது சிரித்ததுதான். ஆனால் உன்னிடம் ஒன்று ஒப்புக்கொள்ள வேண்டும். பொத்தானைப் பார்த்து அவர்கள் மனதை அளந்தவள் நீ மட்டுமல்ல. நானும் அதைத்தான் செய்தேன். எதிரில்தானே இருக்கிறார்கள், ஜன்னலைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

'ஆலோசனைகள்' என்ற கட்டத்தில் இடம் போதாததால் இங்கே எழுதுகிறேன். ஊஞ்சல், சறுக்குமரம் எல்லாம் உன் இஷ்டம். எனக்கு வேண்டியது ஒரு சுவர். என் கேட்டிலிருந்து முப்பது அடி தூரத்தில். என் அளவு நாடா ஐந்தடிதான், ஆறு முறை சந்தில் மண்டியிட்டு அளந்தேன். எல்லா வீட்டுக்காரர்களும் வேடிக்கை பார்த்தார்கள், பார்க்கட்டும். இருபத்தைந்து அடி என்றால் பொடிசுகள் தூங்கிக்கொண்டே ஜெயித்துவிடும். முப்பத்தைந்து என்றால் நான் தினமும் ஜெயிப்பேன், இரண்டே நாளில் அவர்களுக்கு அலுத்துவிடும். பத்து வயதுப் பிள்ளை குனிந்தால் தலை மறைய வேண்டும். எட்டிப் பார்க்க ஓட்டைகள் வேண்டும், ஒவ்வொரு உயரத்திலும் ஒன்று. நாலு வயதுக்காரர்களும் இருக்கிறார்கள்.

அண்ணி


ஜூலை 12

அன்புள்ள அண்ணிக்கு,

அலுவலகத்தில் உங்கள் சுவருக்கு ஒப்புதல் வாங்கியதைச் சொல்ல வேண்டும். மேலதிகாரி வரைபடத்தைப் பார்த்து, "இதென்ன சுவர்? எதுக்கு?" என்றார். "ஒளியறதுக்கு சார்" என்றேன். "யார்கிட்டேருந்து?" என்றார். "எங்க அண்ணிகிட்டேருந்து" என்று சொல்லிவிட்டேன். உடனே பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். அவருக்கும் ஒரு அண்ணி இருக்கலாம்.

போன ஞாயிற்றுக்கிழமை அட்டைப்பெட்டிகளை அடுக்கிச் சுவர் மாதிரி கட்டிப் பார்த்தோமே, அன்று நீங்கள் ஜன்னலில், நான் சந்தில். இருவரும் நேரில் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை என்பதைக் கவனித்தேன். நீங்கள் ஓட்டைப்பல்லிடம், "அந்தக்கா நிக்கிற இடம் சரியில்ல, தள்ளி நிக்கச் சொல்லு" என்றீர்கள். நான் தள்ளி நின்றேன். வங்கிக்காரர் நானும் ஒரு தடவை என்று ஓடி, பெட்டிகள் மேலேயே விழுந்து மாட்டிக்கொண்டதும், "லாரி கவுந்துருச்சு!" என்று நீங்கள் ஜன்னலிலிருந்து கத்தியதும், அதற்குச் சந்தே சிரித்ததும் எனக்குப் பெரிய நிம்மதி. இந்த முறை முதலில் சிரித்தவர் அவர்தான்.

ஆனால் ஒரு சங்கடம். சுவர் வர வேண்டிய இடத்தில் சாக்கட்டியால் கோடு போட்டுவிட்டு வந்தேன், முப்பது அடியில். திங்கட்கிழமை கொத்தனார் அளந்தால் இருபத்தேழு. திருத்திப் போட்டேன். செவ்வாய்க்கிழமை முப்பத்திரண்டு. புதன் மாலை இருபத்தெட்டு, வியாழன் காலை முப்பத்தொன்றரை. கொத்தனார், "ஏம்மா, இந்தச் சந்து ரப்பரா?" என்று கேட்கிறார். என் அளவு நாடாவை மாற்றிப் பார்த்துவிட்டேன். என் கண்ணையும் பரிசோதித்துக்கொள்ளலாமா என்று யோசிக்கிறேன்.

உங்கள் ஜன்னலிலிருந்து எல்லாம் தெரியுமே. யாராவது அழிக்கிறார்களா?

பென்சில்


செப்டம்பர் 6

பென்சிலுக்கு,

சுவர் எழும்பி, சிமென்ட் காய்ந்து, இனி யாராலும் நகர்த்த முடியாது என்று உறுதியானபின் பதில் எழுதலாம் என்றிருந்தேன். அதனால்தான் இத்தனை நாள்.

சாயங்காலம் கோட்டைக் கிட்டே இழுத்தது கேப்டனும் அவன் கூட்டாளிகளும். ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். காலையில் பள்ளிக்கூட மணி அடித்தபின் தள்ளிப் போட்டது நான். என்னை ஏமாற்றினால் சும்மா இருப்பேனா? நீ பாவம், நடுவில் அளந்து அளந்து எழுதிக்கொண்டிருந்தாய். நேற்று நானே அளந்தேன். முப்பது அடி, நாலு அங்குலம். நாலு அங்குலம் எனக்குச் சாதகம். இதைக் கேப்டனிடம் சொல்லாதே.

நேற்றுத்தான் மைதானத்தைத் திறந்துவிட்டார்கள். பதினோரு ஓட்டை, பதினோரு கண். ஆகக் கீழே இருக்கும் ஓட்டையில் யார் என்று குனிந்து பார்த்தால் உன் அண்ணன், தரையில் உட்கார்ந்திருக்கிறார்.

உன் அண்ணன் கையில் பொத்தான் டப்பாவைக் கொடுத்தனுப்புகிறேன். திறந்து பார். பச்சையும் சிவப்பும் முதுகோடு முதுகு சேர்த்துத் தைத்திருக்கிறேன், நூற்றிரண்டு ஜோடி. கழுத்து வலி போக ஒரு வாரமாயிற்று. இனி எந்தத் தெருவுக்குப் போனாலும் இதையும் கொண்டு போ. இரண்டு கையிலும் பொத்தானோடு ஒருத்தி வந்து நின்றால் அவளுக்கு இதைக் கொடு. எண்ணுவதற்குச் சிரமமாக இருந்தால் சிரமப்படு.

மூன்று மாதமாகிவிட்டது நீ இந்தப் பக்கம் தலைகாட்டி. வேலைக்கு வந்து பதின்மூன்றாம் எண்ணோடு நின்று திரும்பிப் போனதையெல்லாம் கணக்கில் சேர்க்க முடியாது. வாசலை மிதிக்காதே என்று சொன்னவள் நான்தான், வா என்று சொல்ல வேண்டியவளும் நான்தான். ஆனால் அதைச் சும்மா சொல்ல எனக்கு வரவில்லை. அதனால் இப்படிச் செய்.

நாளை நாலு மணிக்கு வந்து கேட்டைத் தட்டு. மூன்று எண்ணுவேன். அதற்குள் முப்பது அடி ஓடி ஒளிவதா, கேட்டைத் திறந்து உள்ளே வருவதா என்று நீயே முடிவு செய்துகொள். ஓடினாலும் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் உன் வயதுக்கு முப்பது அடி கொஞ்சம் அதிகம்.

அண்ணி